எலெக்ட்ரீஷியனும் எஞ்சினியர் சங்கமும்: ஒரு சொல்லின் வரலாறு



நினைவுச் சொற்பொழிவு என்றால் மறைந்தவரைப் பற்றிய நினைவுகளைப் பேசுவது வழக்கம். இந்த அமைப்பின் தோழர்கள் என்னிடம் கேட்டது வேறு. மறைந்த நம் தோழர் எழுத்தையும் கூலி வேலையையும் ஒருநாளும் பிரித்துப் பேசியவரல்ல. ஆகவே அவருடைய நினைவு நாளில் உழைப்பின் வரலாற்றிலிருந்து ஏதாவது ஒன்றை எடுத்துப் பேசுங்கள் என்றார்கள். எதை எடுப்பது என்ற சிக்கலைத் தீர்த்துவைத்தவர்கள் இந்த அரங்கில் உட்கார்ந்திருக்கும் பொறியியல் மாணவர்கள் சிலர். ஐடிஐ முடித்துவிட்டு ஒயரிங் வேலைக்கும் கம்பத்து வேலைக்கும் போகிற நம் பிள்ளைகளைப் பொறியாளர்களின் தொழில்முறை அமைப்புகளில் சேர்க்க ஓர் இயக்கம் நடத்தலாமா என்று சில மாதங்களுக்கு முன் கேட்டார்கள். அன்றைக்குச் சரியான பதில் என்னிடம் இல்லை. ஏதோ சொல்லித் தட்டிக்கழித்தேன். இன்று சொல்லப் பார்க்கிறேன்.

அதற்கு நாம் முதலில் லண்டனுக்குப் போகவேண்டும். காரணம், எலெக்ட்ரீஷியன்களைத் தன் பக்கம் இழுக்க முயன்ற ஒரு பொறியாளர் அமைப்பின் கதை அங்கேதான் நூற்றைம்பது ஆண்டு நீளத்துக்கு இருக்கிறது. எலெக்ட்ரீஷியன் என்ற சொல் யாரிடமிருந்து யாரிடம் போனது என்று பார்த்தாலே கதையில் பாதி விளங்கிவிடும்.

1871-ஆம் ஆண்டு மே மாதம் லண்டனில் எட்டுப் பேர் கூடி 'சொசைட்டி ஆஃப் டெலிகிராஃப் எஞ்சினியர்ஸ்' என்ற தந்திப் பொறியாளர் சங்கத்தைத் தொடங்கினார்கள். அப்போது மின்சாரம் என்றாலே தந்திதான். வீட்டில் விளக்கு கிடையாது, ஆலையில் மோட்டார் கிடையாது. கடலுக்கு அடியில் கம்பி போட்டுப் பேரரசின் ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்கு உத்தரவு அனுப்புவதற்கே மின்சாரம் தேவைப்பட்டது. முதல் தலைவர் வில்லியம் சீமன்ஸ். 1880-இல் சங்கம் தன் பெயரை நீட்டிக்கொண்டது: 'தந்திப் பொறியாளர் மற்றும் எலெக்ட்ரீஷியன் சங்கம்'. ஆம், எலெக்ட்ரீஷியன் என்ற சொல் அந்த உயர்ந்த அமைப்பின் பெயரிலேயே இருந்தது.

அன்றைய எலெக்ட்ரீஷியன் கட்டிங் பிளேயரும் டெஸ்டரும் வைத்திருந்தவர் அல்ல. மின்சாரத்தின் தன்மை அறிந்த கனவான். அட்லாண்டிக் கடலுக்கு அடியில் 1858-இல் போட்ட தந்திக் கம்பிக்கு எலெக்ட்ரீஷியனாக இருந்தவர் வைல்ட்மன் வொயிட்ஹவுஸ். படிப்பால் அறுவை மருத்துவர். கம்பி தாங்கக்கூடியதைவிட மிக அதிகமான மின்னழுத்தத்தை அவர் செலுத்தினார். சில வாரங்களிலேயே அந்தக் கம்பி செத்துப்போனது. பெரும் பணம் கடலுக்குள் போயிற்று. அவரை வேலையிலிருந்து நீக்கினார்கள், விசாரணையில் பழியும் சுமத்தினார்கள். ஆனால் அந்தப் பழி அவரோடு நின்றது. மருத்துவர்கள் இப்படித்தான், கனவான்கள் கவனமில்லாதவர்கள் என்று யாரும் எழுதவில்லை. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

1880-களின் தொடக்கத்தில் விளக்கு வந்தது. 1881-இல் லண்டன் சவாய் நாடக அரங்கம் மின்விளக்கால் ஒளிர்ந்தது. அடுத்த ஆண்டு ஹோல்பர்னில் எடிசனின் மின்நிலையம் இயங்கத் தொடங்கியது. பணக்காரர் வீடுகளுக்குள் கம்பி போயிற்று. கூடவே தீப்பிடிக்கும் பயமும் போயிற்று. தீக்காப்பீட்டு நிறுவனங்கள் பதறின. 1882-இல் சங்கம் ஒரு குழு போட்டு, மின்விளக்கால் தீ விபத்து நேராமல் தடுக்கும் விதிகள் என்று நாலே பக்க அளவில் ஒன்றை வெளியிட்டது. இன்றுவரை பதிப்பு பதிப்பாக வந்துகொண்டிருக்கும் பிரிட்டிஷ் ஒயரிங் விதிகளின் முதல் பதிப்பு அதுதான்.

அந்த விதிகளின் முன்னுரையை நான் பலமுறை படித்திருக்கிறேன். மின்சாரத்தின் புதிய பயன்பாடுகளில் வரும் ஆபத்துக்கு முக்கியக் காரணம், கருவிகளை வழங்கிப் பொருத்துகிறவர்களின் அறியாமையும் அனுபவமின்மையும்தான் என்று அது சொல்கிறது. பரிகாரம் என்ன? தேர்ந்த, அனுபவமுள்ள எலெக்ட்ரீஷியன்களை வைத்து வேலையை மேற்பார்வை செய்யவேண்டும். இங்கே எலெக்ட்ரீஷியன் மேற்பார்வை செய்கிறவர். சுவரில் துளை போட்டுக் கம்பி இழுக்கிறவருக்கு அந்தப் பக்கத்தில் பெயரே இல்லை. ஆபத்தின் காரணமாக மட்டும் அவர் இருக்கிறார். அவருடைய வேலைக்கான விதியை எழுதிய மேசையில் அவருக்கு நாற்காலி இருக்கவில்லை.

அதே காலத்தில் லண்டனில் ஒரு கறுப்பர் மின்விளக்குத் தொழிற்சாலை அமைத்துக்கொண்டிருந்தார் என்பதை நம் மாணவர்கள் தெரிந்துகொள்ளவேண்டும். லூயிஸ் லாட்டிமர். அடிமைத்தளையிலிருந்து தப்பி ஓடிவந்த பெற்றோருக்கு 1848-இல் பிறந்தவர். வரைபடக்காரராகத் தானே கற்றுக்கொண்டு மேலே வந்தவர். விளக்கின் கார்பன் இழையைச் செய்யும் முறைக்கு 1882-இல் காப்புரிமை பெற்றவர். மாக்சிம் நிறுவனத்துக்காக லண்டன் போயிருந்தபோது, தொழிலாளர்கள் முதலாளிக்கு முன்னால் காட்டவேண்டியிருந்த பணிவு அவரை உறுத்தியதாகக் குறிப்பு எழுதிவைத்திருக்கிறார். அடிமைகளின் மகனுக்கே அது அதிகமாகப் பட்டிருக்கிறது! 1890-இல் மின்விளக்கைப் பற்றிப் புத்தகமும் எழுதினார். கையும் மூளையும் ஒரே உடம்பில் இருக்கமுடியும் என்பதற்கு அந்தக் காலமே சாட்சி வைத்திருந்தது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

1888-இல் சங்கம் மறுபடியும் பெயர் மாற்றிக்கொண்டது. இம்முறை 'இன்ஸ்டிட்யூஷன் ஆஃப் எலெக்ட்ரிக்கல் எஞ்சினியர்ஸ்', சுருக்கமாக ஐ.இ.இ. எலெக்ட்ரீஷியன் என்ற சொல் உதிர்ந்துவிட்டது. அடுத்த ஆண்டு, 1889-இல், கம்பி இழுக்கிறவர்களும் தந்தி, தொலைபேசிக் கட்டுமானத் தொழிலாளர்களும் சேர்ந்து எலெக்ட்ரிக்கல் டிரேட்ஸ் யூனியன் என்ற தொழிற்சங்கத்தை அமைத்தார்கள். ஓராண்டு இடைவெளியில் இரண்டு வீடுகள். மேல் வீட்டுக்காரர்கள் எஞ்சினியர் ஆனார்கள். எலெக்ட்ரீஷியன் என்ற சொல் மெல்ல மெல்லக் கீழ் வீட்டுக்கு இறங்கியது.

யாரோ சதி செய்து இதை நடத்தினார்கள் என்று நான் சொல்லவில்லை. சமூகவியல் படித்தவர்களுக்கு மாக்ஸ் வேபர் சொன்ன 'மூடிக்கொள்ளுதல்' நினைவுக்கு வரும். ஒரு கூட்டம் தனக்குக் கிடைக்கும் மதிப்பையும் வாய்ப்பையும் காப்பாற்றிக்கொள்ள, உள்ளே வருவதற்கான தகுதியை இறுக்கிக்கொண்டே போகும். கைவேலைக்காரர்கள் கையில் ஒரு சொல் புழங்கத் தொடங்கியதும் கற்றவர்களுக்கு அந்தச் சொல் பொருந்தாமல் போயிற்று என்பது என் வாசிப்பு. நமக்கு இது புதிதா என்ன? நம் முன்னோர் செய்த தொழில்களின் பெயர்கள் எப்படி வசைச்சொற்களாக ஆயின என்று இந்த மேடையில் எத்தனையோ முறை பேசியிருக்கிறோம்.

பெண்களுக்கும் கதவு எளிதில் திறக்கவில்லை. மின்வில் விளக்கு ஏன் சீறுகிறது என்று ஆராய்ந்து சொன்ன ஹெர்தா அயர்டனை 1899-இல் ஐ.இ.இ. தன் முதல் பெண் உறுப்பினராக ஏற்றது. மணமான பெண் என்று காரணம் சொல்லி 1902-இல் ராயல் சொசைட்டி அவரை மறுத்தது. அதனோடு ஒப்பிட்டால் ஐ.இ.இ. கொஞ்சம் மேல்தான். இருக்கிற நல்லதை மறைக்கக்கூடாது.

1921-இல் ஐ.இ.இ.க்கு அரச சாசனம் கிடைத்தது. ஒயரிங் விதிப் புத்தகம் பதிப்புக்குப் பதிப்பு தடித்தது. பொறியாளருக்கும் தொழிலாளிக்கும் நடுவில் டெக்னீஷியன் என்றொரு வகுப்பு உருவானது. அவர்களை முழு உறுப்பினராக ஏற்க மனமில்லாததால் அவர்களுக்கென்று தனி அமைப்புகள் வந்தன. இரட்டைக் குவளை என்று நமக்குச் சொல்லத் தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனாலும் சொல்லமாட்டேன். இரட்டைக் குவளைக்குப் பின்னால் இருக்கும் அருவருப்பு அங்கே இல்லை. படிப்பு, சம்பளம், பேச்சு வழக்கு ஆகியவற்றால் வந்த தூரம் அது. பிறப்பால் வந்த தூரத்தோடு அதைச் சமமாக வைத்தால் நம்முடைய வரலாற்றை நாமே லேசாக்கிக்கொள்வோம். 2006-இல்தான் ஐ.இ.இ.யும் அந்த இடைநிலைப் பொறியாளர்களின் அமைப்பும் இணைந்து இன்றைய ஐ.இ.டி. ஆயின. பெயரில் இப்போது 'எஞ்சினியரிங் மற்றும் டெக்னாலஜி' என்று இருக்கிறது. எலெக்ட்ரிக்கல் என்பதும் போய்விட்டது.

எலெக்ட்ரீஷியனுக்கு அழைப்பு வந்தது இதற்குப் பிறகுதான். தொழிற்தகுதியில் மூன்றாம் நிலையும் வேலை அனுபவமும் உள்ள ஒருவர் விண்ணப்பித்து, மதிப்பீட்டில் தேறினால் 'எங்டெக்' என்று பதிவு பெறலாம்; பெயருக்குப் பின்னால் எழுத்துகள் போட்டுக்கொள்ளலாம். ஐ.இ.டி.யும் சிவில், மெக்கானிக்கல் பொறியாளர் அமைப்புகளும் சேர்ந்து 2013 வாக்கில் ஓர் இயக்கமே தொடங்கின. 2018-க்குள் 1,00,000 டெக்னீஷியன்களைப் பதிவு செய்யவைப்பது இலக்கு. பிரதமரே ஆதரித்துப் பேசினார். டெக்னீஷியன் பற்றாக்குறை பற்றி அரசுக்குக் கவலை. உறுப்பினர் சேர்க்கை பற்றி அமைப்புகளுக்குக் கவலை. இலக்கின் பக்கத்தில்கூட எண்ணிக்கை வரவில்லை.

ஏன் வரவில்லை? தொழிலாளிக்கு அறிவு போதவில்லை, ஆர்வம் இல்லை என்று சொல்லிவிடுவது சுலபம். 1882-இன் முன்னுரை அப்படித்தான் சொல்லியிருக்கும். ஓர் எலெக்ட்ரீஷியனின் பையிலிருந்து பார்த்தால் வேறு மாதிரித் தெரியும். கட்டட வேலைத் தளத்துக்குள் நுழைய அவரிடம் திறன் அட்டை இருக்கவேண்டும், அதற்குக் கட்டணம். 2005-இல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் வீட்டு ஒயரிங் கட்டட விதிகளுக்குள் வந்தபிறகு, தனக்குத்தானே சான்று கொடுத்துக்கொள்ள வேண்டுமானால் ஏதாவதொரு பதிவுத் திட்டத்தில் சேரவேண்டும், அதற்கு ஆண்டுக் கட்டணம். விதிப் புத்தகம் புதிய பதிப்பு வந்தால் வாங்கவேண்டும், அதற்கான தேர்வும் எழுதவேண்டும். 18-ஆம் பதிப்பு 2018-இல் வந்தது. இத்தனைக்கும் மேல் பொறியாளர் அமைப்புக்கு ஒரு சந்தா. வீட்டுக்காரர் யாரும் உங்களிடம் எங்டெக் இருக்கிறதா என்று கேட்பதில்லை. ஒப்பந்தக்காரர் அதற்காகக் கூலியைக் கூட்டுவதில்லை. பெயருக்குப் பின்னால் நாலு எழுத்து வந்தால் மதிப்பு வரும் என்கிறார்கள். அந்த எழுத்துக்கு மதிப்பு கொடுக்கவேண்டிய ஆள் யார் என்பதற்கு யாரிடமும் பதிலில்லை.

இன்னொன்று. எலெக்ட்ரீஷியன்கள் பெற்றிருந்த பாதுகாப்பின் பெரும்பகுதி வேறு வழியில் வந்தது. மின்னோட்டம் இருக்கும் கம்பியில் வேலை செய்யவைப்பதைக் கடுமையாகக் கட்டுப்படுத்துகிறது 1989-இன் பணியிட மின்சார விதிமுறை. உடனடி ஆபத்து என்று நியாயமாக நம்பி வேலையைவிட்டு விலகி நிற்பவரைத் தண்டிக்கக்கூடாது என்கிறது 1996-இன் வேலை உரிமைச் சட்டம். இரண்டும் சட்டங்கள். பொறியாளர் அமைப்பின் உறுப்பினர் அட்டை தந்தவை அல்ல. இன்றைக்கு ஒயரிங் விதிகளை எழுதும் கூட்டுக் குழுவில் தொழிற்சங்கத்துக்கும் இடம் இருக்கிறது என்பதையும் சொல்லவேண்டும். விதியை எழுதும் மேசைக்கு எலெக்ட்ரீஷியனின் குரல் போய்ச் சேர்ந்த பாதைகளில் அதுவும் ஒன்று. அமைப்பில் சேரச் சொன்ன விளம்பரங்கள் அந்தப் பாதையைப் பற்றி அதிகம் பேசவில்லை.

இனி நம் ஊருக்கு வருவோம். அழைப்பு என்றதும் நமக்கு நினைவுக்கு வரவேண்டியது 1928 பம்பாய். ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம். தீண்டப்படாத தொழிலாளர்களும் சங்கத்தோடு நிற்கவேண்டும் என்று தலைவர்கள் எதிர்பார்த்தார்கள். ஆனால் அந்த ஆலைகளில் கூலி அதிகமுள்ள நெசவுப் பிரிவுக்குள் நம்மவர்கள் நுழையமுடியாது. நாடாவில் நூல் கண்டை மாற்றும்போது நூல் முனையை வாயால் உறிஞ்சி இழுக்கவேண்டும். தீண்டப்படாதவரின் எச்சில் பட்ட நூலைத் தொடமாட்டோம் என்றார்கள் சாதி இந்துத் தொழிலாளர்கள். நெசவுப் பிரிவைத் திறந்துவிடுவதையும் வேலைநிறுத்தக் கோரிக்கைகளில் சேருங்கள் என்று அம்பேத்கர் கேட்டார். சங்கம் அரைமனதோடு சேர்த்தது. எங்களோடு வாருங்கள் என்று கூப்பிட்டவர்களிடம், வந்தால் எந்தப் பிரிவில் நிற்கவைப்பீர்கள் என்று கேட்டவர் அவர். மாணவர்களே, உங்கள் கேள்விக்கான பதிலை நான் அங்கிருந்துதான் எடுக்கிறேன்.

அவருக்கும் மின்சாரத்துக்கும் நேரடித் தொடர்பே உண்டு. 1942 முதல் 1946 வரை வைஸ்ராய் நிர்வாக சபையில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தபோது மின்சாரமும் அவர் பொறுப்பில் இருந்தது. மத்திய தொழில்நுட்ப மின்சக்தி வாரியம் 1944-இல் அமைந்தது அவர் காலத்தில். இந்தியத் தொழிலாளர்களை இங்கிலாந்துத் தொழிற்சாலைகளுக்கு அனுப்பிப் பயிற்றுவித்த பெவின் திட்டமும் அந்தத் துறையின் கீழ்தான் நடந்தது. மலிவான, தாராளமான மின்சாரம் வறுமையிலிருந்து மீளும் வழி என்று அவர் வாதிட்டார். அந்த மின்சாரத்தைக் கம்பத்தில் ஏற்றப்போகிறவர்கள் யார், வரைபடம் போடப்போகிறவர்கள் யார் என்பதைச் சாதி தீர்மானித்துவிடும் என்பது அவருக்குத் தெரியாததல்ல. சாதி வேலையைப் பிரிப்பதோடு நிற்காமல் வேலை செய்பவர்களையே படிப்படியாக அடுக்கிவைக்கிறது என்று 1936-இலேயே வாதிட்டவர் அவர்.

லண்டன் மாதிரியில் நமக்கும் ஓர் அமைப்பு உண்டு. இன்ஸ்டிட்யூஷன் ஆஃப் எஞ்சினியர்ஸ் (இந்தியா). 1920-இல் சென்னையில் பதிவாகி, தலைமையகம் கல்கத்தாவில் அமைந்தது. 1935-இல் அதற்கும் அரச சாசனம் வந்தது. இந்த அமைப்பு செய்த ஒரு நல்ல காரியம் ஏ.எம்.ஐ.இ. தேர்வு. பகல் நேரக் கல்லூரிக்குப் போகமுடியாத டிப்ளமோக்காரர்கள் வேலை பார்த்துக்கொண்டே இரண்டு பகுதித் தேர்வுகளை எழுதித் தேறினால் பொறியியல் பட்டத்துக்கு இணையாக ஏற்றுக்கொள்ளப்பட்டது. ஐடிஐ முடித்தவருக்கு நேர்வழி இல்லை. டிப்ளமோ ஒரு படி, ஏ.எம்.ஐ.இ. அடுத்த படி. என் ஊர்ச் சேரியிலிருந்து இரண்டு பேர் அந்தப் படியில் ஏறி உதவிப் பொறியாளர் ஆனார்கள். இரவில் தெருவிளக்கில் படித்தார்கள் என்று கதை கட்டமாட்டேன், வீட்டில் கரண்ட் இருந்தது. ஆனால் பத்து ஆண்டு ஆயிற்று. 2013 மே 31-க்குப் பிறகு சேர்கிறவர்களுக்கு அந்த இணைத்தகுதி கிடையாது என்று மத்திய அரசு முடிவெடுத்தது. தேர்வு முறையின் தரம் பற்றிய கேள்விகளில் நியாயம் இருக்கலாம். ஆனால் ஏணி பழுது என்றால் சரிசெய்வார்களா, எடுத்துவிடுவார்களா? இட ஒதுக்கீட்டுக்கு ஒவ்வொரு முறையும் கொதிக்கும் ஊடகங்கள் இந்த ஏணி போனதைப் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. அஜந்தா சுப்பிரமணியன் 2019-இல் வெளியான 'த காஸ்ட் ஆஃப் மெரிட்' நூலில், காலனியக் காலச் சென்னையில் கைத்திறன் கீழிறங்கி ஏட்டறிவு மேலேறிய விதத்தையும் அதில் மேல்சாதியினர் இடம் பிடித்ததையும் விரிவாக எழுதியிருக்கிறார். மாணவர்கள் கட்டாயம் படிக்கவேண்டும்.

ஏணிக்குக் கீழே நிற்கிறவர்களின் நிலையைச் சொல்ல என் சித்தப்பாவைத் துணைக்கு அழைக்கிறேன். முப்பது வருடம் ஒயரிங் வேலை பார்த்தவர். 1956 இந்திய மின்சார விதிகளின் 45-ஆம் விதி, உரிமம் பெற்ற ஒப்பந்தக்காரர்தான் ஒயரிங் எடுக்கவேண்டும், தகுதிச் சான்று உள்ளவர் மேற்பார்வை செய்யவேண்டும் என்றது. 2010-க்குப் பிறகு வந்த விதிமுறைகளும் அதையே தொடர்கின்றன. தமிழ்நாட்டில் மேற்பார்வையாளருக்கு 'சி' சான்று, ஒயர்மேனுக்கு 'பி' சான்று, மின்கம்பி உதவியாளருக்கு 'எச்' சான்று. ஐந்தாண்டு அனுபவம் காட்டி, தேர்வு எழுதித்தான் 'எச்' வாங்கமுடியும். சித்தப்பா நாற்பது வயதுக்கு மேல் வாங்கினார். லேமினேட் செய்து வீட்டில் அம்பேத்கர் படத்துக்குக் கீழே மாட்டினார். நடைமுறையில் என்ன நடக்கும் என்பது ஊரறிந்தது. உரிமம் ஒருவர் பெயரில் இருக்கும், வேலை இன்னொருவர் செய்வார். வீட்டை எட்டியும் பார்க்காதவர் ஒயரிங் முடிந்ததாகக் கையெழுத்துப் போடுவார். கையெழுத்துக்கு ஒரு விலை. அந்த விலை சித்தப்பாவின் மூன்று நாள் கூலியைவிட அதிகம்.

ஒருமுறை ஊர்த்தெருவில் ஒரு புதுவீடு. எல்லா அறைக்கும் சித்தப்பாதான் ஒயரிங். சாமி அறைக்கும் விளக்கு வேண்டும், ஆனால் அவர் உள்ளே போகக்கூடாது. வெளிச்சுவர் வரை ஒயரை இழுத்துவிடச் சொன்னார்கள். உள்ளே ஹோல்டரை வீட்டுக்காரரின் மகன் மாட்டினார். இரண்டு ஒயர் முனையும் உள்ளே உரசிக்கொண்டு, சுவிட்சைப் போட்டதும் ஃபியூஸ் போய்விட்டது. ஒயர்மேன் வேலை சரியில்லை என்று கூலியில் பிடித்தார்கள். சித்தப்பா இதைச் சிரித்துக்கொண்டேதான் சொல்வார். 1882-இன் விதிகளை நான் முதன்முதலில் படித்தபோது எனக்கு இந்தச் சாமி அறைதான் ஞாபகம் வந்தது.

சிரிக்கமுடியாத கதை ஒன்றும் உண்டு. பல ஆண்டுகளுக்கு முன் எங்கள் பகுதியில் ஒப்பந்தக் கூலியாக மின்கம்பத்தில் ஏறிய இளைஞர் ஒருவர் மேலேயே கருகி இறந்தார். எல்.சி. வாங்கியாயிற்று, லைனில் கரண்ட் இல்லை என்று சொல்லித்தான் அவரை ஏற்றினார்கள். எர்த் ராடு இல்லை. கையுறை இல்லை. இயக்கத் தோழர்களோடு நானும் போனேன். கிடைத்த அறிக்கையில் காரணம் ஒரே சொல்: கவனக்குறைவு. யாருடைய கவனக்குறைவு? செத்தவருடையது. எல்.சி. கொடுத்தது யார், மறுபக்கம் ஜெனரேட்டர் ஓடியதா, எர்த் ராடு எங்கே போயிற்று என்ற கேள்விகள் அந்தத் தாளில் இல்லை. வொயிட்ஹவுஸை மனதில் வைத்துக்கொள்ளச் சொன்னேன் அல்லவா? கனவானின் தவறு அவருடையதாக மட்டும் இருக்கும். நம் பையனின் சாவு, இவர்கள் இப்படித்தான் என்பதற்கு அத்தாட்சி ஆகிவிடும். கொலை என்றோம், போராடினோம், கொஞ்சம் இழப்பீடு வந்தது. மின்சாரத் தொழில்நுட்பம் அறிந்த ஒருவர் வந்து இந்த அறிக்கை தவறு என்று எழுதிக் கொடுத்திருந்தால் வழக்கு வேறு மாதிரிப் போயிருக்கும். பொறியாளர்களைத் தேடி அலைந்தோம். வாயால் சொன்னவர்கள் உண்டு. கையெழுத்துப் போட ஒருவரும் முன்வரவில்லை.

மாணவர்களே, உங்கள் கேள்விக்கு இப்போது வருகிறேன். எலெக்ட்ரீஷியன்களைப் பொறியாளர் அமைப்புகளில் சேர்க்கத்தான் வேண்டும். அந்தக் கையெழுத்து நம்மிடம் இருக்கவேண்டும் என்பதற்காகவே சேர்க்கவேண்டும். ஆனால் நீங்கள் அச்சடிக்க நினைக்கும் துண்டறிக்கையில், சேர்ந்தால் மதிப்பு கிடைக்கும் என்ற வரியைத் தயவுசெய்து எடுத்துவிடுங்கள். லண்டனில் அதைச் சொல்லித்தான் ஆள் சேரவில்லை. மதிப்பை இவர்கள் தேடாமலும் இல்லை. மின்வாரியத்தில் கேங்மேன் என்ற பெயரில் எடுக்கப்பட்டவர்கள் தங்களைக் கள உதவியாளராக ஆக்கச் சொல்லி எத்தனை போராட்டம் நடத்தியிருக்கிறார்கள்! அந்தப் பெயருக்குப் பின்னால் சம்பள விகிதமும் இடமாற்றமும் பதவி உயர்வும் இருக்கின்றன. எந்தப் பெயருக்காகப் போராடலாம் என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

நீங்கள் பேசவேண்டியது முதலில் அமைப்புகளிடம். விபத்தை விசாரிக்கும்போது கம்பத்தில் ஏறிய அனுபவமுள்ள ஒருவரை உட்காரவைப்பீர்களா? ஒயரிங் விதிகளைத் திருத்தும் குழுவில் 'எச்' சான்றுக்காரர் ஒருவருக்கு இடம் உண்டா? நான் பார்த்த தேசிய மின் விதித்தொகுப்புப் பிரதிகள் எல்லாம் ஆங்கிலம். அதைத் தமிழில் கொண்டுவர உங்கள் நிதியில் கொஞ்சம் செலவழிப்பீர்களா? ஏ.எம்.ஐ.இ. போன இடத்தில் என்ன வைக்கப்போகிறீர்கள்? சந்தாவை யார் கட்டுவது? இவற்றுக்கு எழுத்தில் பதில் வாங்கிக்கொண்டு பிறகு நம் தெருவுக்கு வாருங்கள். பம்பாயில் நெசவுப் பிரிவைக் கேட்டது போலக் கேளுங்கள். படித்தவர்கள் என்பதால் உங்களை உள்ளே விடுவார்கள். உங்களை மட்டும் விட்டுவிட்டுக் கதவைச் சாத்தவும் செய்வார்கள். அந்த இடத்தில் நீங்கள் என்ன செய்வீர்கள் என்பது எனக்குக் கவலைதான், மறைக்கமாட்டேன்.

இந்த உரையைத் தயாரிக்கும்போது சித்தப்பாவிடம் போனேன். இப்போது வேலைக்குப் போவதில்லை, கண் மங்கிவிட்டது. எஞ்சினியர் சங்கத்தில் சேரச் சொன்னால் சேர்வீர்களா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் சான்றிதழ் மாட்டியிருந்த பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சேர்றதுக்கு என்ன தம்பி, சேருவேன். ஆனா எனக்காக ஒன்னு பாத்துச் சொல்லு. கரண்ட ஆஃப் பண்ணாம ஆள ஏத்தக் கூடாதுன்னு அவங்க புத்தகத்துல இருக்கும், அது எனக்கே தெரியும். நான் ஏறமாட்டேன்னு சொன்னா மறுநாள் எனக்கு வேலை இருக்கணும்னு அதுல எங்கயாவது எழுதியிருக்கா?"